படம் வருது, சத்தம் வரலை: கம்ப்யூட்டர் – டிவி எச்.டி.எம்.ஐ. பிரச்சினை

7 ஜனவரி 2024, காலை

ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒவ்வொன்றாக வாங்கி, டிசம்பர் கடைசியில் நானே சேர்த்துக் கட்டிய கம்ப்யூட்டர். தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது, ப்ராசஸருக்குள்ளேயே இருப்பதுதான். விண்டோஸ் 11. ஹாலில் இருக்கும் 43 அங்குல டிவிக்கு எச்.டி.எம்.ஐ. வயர் (படத்தையும் சத்தத்தையும் ஒன்றாகக் கொண்டுபோவது) போட்டேன். படம் கண்ணாடி மாதிரி இருக்கிறது. சத்தம் மட்டும் இல்லை.

பார்த்தவை: டிவியில் வால்யூம் இருக்கிறது, செட் டாப் பாக்ஸில் போட்டால் சத்தம் நன்றாக வருகிறது. கம்ப்யூட்டரின் முன்பக்க ஹெட்போன் துளையிலும் நன்றாகக் கேட்கிறது. வயரை மாற்றிப் பார்த்தேன், டிவியில் வேறு போர்ட்டும் பார்த்தேன். சத்தத்துக்கான பட்டியலைத் திறந்தால் மதர்போர்டில் இருக்கும் ரியல்டெக் சவுண்ட் சிப் மட்டும்தான் நிற்கிறது, டிவியின் பெயரே இல்லை.

அப்பாவுக்காகத்தான் இவ்வளவும். காது கொஞ்சம் மந்தம். பழைய படங்களை ஹாலில் பெரிதாக வைத்துப் பார்க்க ஆசைப்படுகிறார். யாராவது வழி சொல்லுங்கள்.

7 ஜனவரி 2024, இரவு

வந்துவிட்டது. "டிவைஸ் மேனேஜரைப் பாருங்க, மஞ்சள் முக்கோணம் இருக்கா?" என்று கேட்ட கோவை நண்பருக்கு நன்றி. டிவைஸ் மேனேஜர் என்பது விண்டோஸில் கருவிகளின் பட்டியல், மஞ்சள் முக்கோணம் இருந்தால் அந்தக் கருவியில் ஏதோ கோளாறு. இருந்தது.

நான் புரிந்துகொண்டது இது. எச்.டி.எம்.ஐ. வழியாகப் போகும் சத்தத்துக்கும் போர்டில் இருக்கும் சவுண்ட் சிப்புக்கும் சம்பந்தமே இல்லை. படத்தை அனுப்புகிற கிராபிக்ஸ் பகுதிக்குள்ளேயே தனியாக ஒரு ஒலிக் கருவி இருக்கிறது, அதற்குத் தனி டிரைவர் (கருவியை இயக்கும் நிரல்) வேண்டும். நான் போர்டு கம்பெனி தளத்திலிருந்து சவுண்ட் டிரைவரைப் போட்டுவிட்டு, அதுவே எல்லாவற்றுக்கும் போதும் என்று இருந்துவிட்டேன். கிராபிக்ஸ் டிரைவர் முழுத் தொகுப்பையும் போட்டு ரீஸ்டார்ட் செய்ததும் பட்டியலில் டிவியின் பெயர் வந்தது. தேர்ந்தெடுத்தேன், பாட்டு கேட்டது. அப்பா தூங்கிவிட்டார். நாளைக்குக் காட்ட வேண்டும்.

9 ஜனவரி 2024

அவசரப்பட்டு "வந்துவிட்டது" என்று எழுதிவிட்டேன். அடுத்த நாள் காலையில் அப்பா டிவியைப் போட்டால் மறுபடி ஊமை. சத்தம் போர்டின் ஹெட்போன் பக்கம் தாவியிருந்தது.

இரண்டு நாளாக இதையே நோண்டிக்கொண்டிருக்கிறேன். எச்.டி.எம்.ஐ. பிளக்கில் 19 பின்கள். 18ஆவது பின்னில் கம்ப்யூட்டர் 5 வோல்ட் தருகிறது. 19ஆவது பின்னில் வோல்டேஜைத் தூக்கிக் காட்டி "நான் இருக்கிறேன்" என்று சொல்வது டிவியின் வேலை. அது தெரிந்ததும் கம்ப்யூட்டர் 15, 16 பின்கள் வழியாக டிவியிடம் ஒரு சின்னக் குறிப்பை வாங்கிப் படிக்கும். ஈ.டி.ஐ.டி. என்று அதற்குப் பெயர். முதல் 128 பைட்டில் படத்தைப் பற்றிய விவரம் மட்டும். சத்தத்தைப் பற்றிய விவரம் அடுத்த 128 பைட்டில்தான் வருகிறது: எந்த வகை ஒலி, எத்தனை சேனல், என்ன வேகம் என்று வகைக்கு மூன்று பைட்.

அந்த இரண்டாம் பகுதி கம்ப்யூட்டருக்குச் சரியாகக் கிடைக்காவிட்டால் என்ன ஆகும்? எதிரே இருப்பது வெறும் மானிட்டர், அதற்குக் காது கிடையாது என்று அது முடிவு கட்டிவிடும். படத்தை அனுப்பும், சத்தத்தை அனுப்பாது. டிவி ஸ்பீக்கரில் கோளாறு தேடி ஒரு பிரயோசனமும் இல்லை. இரண்டும் அறிமுகமாகிற இடத்திலேயே விஷயம் கெட்டுப்போயிருக்கிறது.

எங்கள் டிவி ஸ்டாண்ட்பைக்குப் போனால் அந்த 19ஆவது பின்னை இறக்கிவிடுகிறது. எல்லா டிவியும் இப்படிச் செய்வதில்லை. டிவி போய்விட்டது என்று நினைத்து விண்டோஸ் சத்தத்தை அடுத்த கருவிக்கு மாற்றிவிடுகிறது. திரும்ப வரும்போது சில சமயம் பழைய இடத்துக்கு வருகிறது, சில சமயம் வருவதில்லை.

இப்போதைக்குச் செய்திருப்பது: முதலில் டிவி, அது முழுசாக எழுந்த பிறகு கம்ப்யூட்டர். அப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். பட்டியலில் டிவி தவிர மற்ற எல்லாவற்றையும் டிஸேபிள் செய்துவிட்டேன், தாவுவதற்கு வேறு இடமே இல்லை.

கம்ப்யூட்டரை அணைக்காமலே திரும்பக் கொண்டுவர ஒரு வழி: விண்டோஸ் கீ, கண்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். திரை ஒரு கணம் கறுத்து, கிராபிக்ஸ் டிரைவர் புதிதாக எழும். அறிமுகம் மறுபடி முதலிலிருந்து நடக்கும். எனக்கு மூன்றுக்கு இரண்டு தடவை வேலை செய்கிறது.

10 ஜனவரி 2024

நேற்று சொன்னதில் ஒரு திருத்தம். எல்லாவற்றையும் டிஸேபிள் செய்வது சரியில்லை. இன்று ஆபீஸ் மீட்டிங் வந்தபோது ஹெட்செட் வேலை செய்யாமல் தவித்தேன். ஹெட்போனை விட்டுவைத்து, பட்டியலில் சும்மா நிற்கும் மற்ற டிஜிட்டல் வெளியீடுகளை மட்டும் முடக்குங்கள்.

16 ஜனவரி 2024

பொங்கலுக்கு மாமா குடும்பத்தோடு வந்திருந்தார். கையில் ஒரு பழைய அசெம்பிள் ஆம்ப். திருச்சியில் ஒரு மெக்கானிக் கட்டிக் கொடுத்தது, பதினைந்து வருஷம் இருக்கும், மரப்பெட்டி ஸ்பீக்கர் இரண்டு. "மாப்ளே, டிவி ஸ்பீக்கர் பின்பக்கம் பார்த்துப் பேசுது, அதான் அத்தானுக்குக் கேக்கலை. இதைப் போடு" என்றார். சரியான பேச்சு. இன்றைய மெல்லிசு டிவிகளில் ஸ்பீக்கர் கீழ்ப்பக்கமோ பின்பக்கமோ பார்த்துத்தான் இருக்கிறது.

டிவியின் ஹெட்போன் துளையிலிருந்து ஆம்புக்கு வயர் போட்டோம். நேற்று மதியம் வீடு நிறைய ஆள், படம் போட்டோம். பின்னணி இசை அதிர்கிறது, கார் போகிற சத்தம் கேட்கிறது, மழை கேட்கிறது. கதாநாயகன் வாயை அசைக்கிறார், பேச்சு இல்லை. ஏதோ கிணற்றுக்குள்ளிருந்து எதிரொலி மட்டும் வருவதுபோல இருக்கிறது. அப்பா என்னைப் பார்த்து, "பாட்டு கேக்குது, பேச்சு கேக்கலையேடா" என்றார்.

5.1 ஒலியில் (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) பேச்சு பெரும்பாலும் நடு சேனலில்தான் இருக்கும். நம்மிடம் இரண்டே ஸ்பீக்கர், அதனால் நடு சேனல் தொலைந்துவிட்டது என்று நினைக்கிறேன். இன்று ராத்திரி விண்டோஸில் ஸ்டீரியோவாக மாற்றிப் பார்க்கிறேன்.

16 ஜனவரி 2024, இரவு 11 மணி

நடு சேனல் காரணம் இல்லை. காரணம் வேறு, இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஸ்டீரியோவாக மாற்றியும் அதே நிலை. பிறகு ஒரு பழைய பாட்டுக் கோப்பைப் போட்டேன். அது வெறும் இரண்டு சேனல், நடு சேனல் என்ற பேச்சுக்கே இடமில்லை. அதிலும் பாடகர் குரல் காணோம்! வயலின் கூட்டம் இரண்டு பக்கமும் கேட்கிறது, தபலா மங்கலாகக் கேட்கிறது, குரல் இருக்க வேண்டிய இடம் காலி. அப்போதுதான் கம்ப்யூட்டரை விட்டுவிட்டு வயர் பக்கம் போனேன். டிவிக்குப் பின்னால் கையை விட்டு ஹெட்போன் பின்னை அழுத்தினேன். "டக்" என்று ஒரு சத்தம், பாடகர் வந்துவிட்டார்.

அந்த 3.5 மி.மீ. பின்னில் மூன்று தொடர்புகள் உண்டு: முனையில் இடது, நடு வளையத்தில் வலது, அடியில் இரண்டுக்கும் பொதுவான கிரவுண்டு. பின் முழுசாக உள்ளே போகாமல் கிரவுண்டு மட்டும் தொடாமல் நின்றால், மின்சாரம் திரும்பி வர வழியில்லாமல் இடதுக்கும் வலதுக்கும் இடையிலேயே ஓடும். அப்போது ஸ்பீக்கரில் கேட்பது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும். பாடகர் குரலையும் வசனத்தையும் ஒலிப்பதிவில் நடுவில் வைப்பார்கள், அதாவது இடதிலும் வலதிலும் சம அளவு. வித்தியாசம் எடுத்தால் பூஜ்யம். பக்கவாட்டில் வைத்த வயலினும் குரலின் எதிரொலியும் மட்டும் மிஞ்சும். கிணற்றுக்குள்ளிருந்து வந்தது அந்த எதிரொலிதான்.

டிவி சுவரோடு ஒட்டி இருப்பதால் பின் பாதியில் நின்றிருக்கிறது. முனை மடங்கிய எல் வடிவ பின் வாங்கிப் போட்டுவிட்டேன்.

21 ஜனவரி 2024

நாகர்கோவிலிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார்: "சார், எனக்கும் பேச்சு கேக்கலை, நீங்க சொன்ன மாதிரி பின்னை அழுத்திப் பாத்தேன், மாறலை." அவருக்காக இந்தக் குறிப்பு.

இரண்டையும் பிரிக்க ஒரு சோதனை போதும். சாதாரண ஸ்டீரியோ பாட்டு ஒன்றைப் போடுங்கள். அதிலும் குரல் இல்லையென்றால் பின் அல்லது வயர். அதில் குரல் நன்றாக இருந்து, படத்தில் மட்டும் பேச்சு இல்லையென்றால் நடு சேனல்.

அவருக்கு இரண்டாவது. கம்ப்யூட்டர் போர்டின் பின்னால் வண்ணத் துளைகள் இருக்குமே, பச்சை முன் ஸ்பீக்கருக்கு, கறுப்பு பின் ஸ்பீக்கருக்கு, ஆரஞ்சு நடு ஸ்பீக்கருக்கும் சப்வூஃபருக்கும். அவர் பச்சையில் மட்டும் வயர் செருகிவிட்டு, டிரைவரில் 5.1 என்று தேர்ந்தெடுத்திருந்தார். வசனம் எல்லாம் ஆரஞ்சுத் துளை வழியாக யாருக்கும் கேட்காமல் போய்க்கொண்டிருந்தது. ஸ்டீரியோ என்று மாற்றியதும் கம்ப்யூட்டரே நடு சேனலைப் பிரித்து இரண்டு பக்கமும் கலந்து கொடுத்துவிடும். சரியாகிவிட்டது என்று பதில் போட்டிருக்கிறார்.

11 பிப்ரவரி 2024

புதுப் பிரச்சினை. ஆம்ப் போட்டதிலிருந்து "ம்ம்ம்ம்" என்று ஓர் உறுமல். பகலில் தெரியாது, இரவில் வீடு அடங்கியதும் நன்றாகக் கேட்கிறது. படத்தை நிறுத்தினாலும் நிற்பதில்லை. கம்ப்யூட்டரின் எச்.டி.எம்.ஐ. வயரைப் பிடுங்கினால் பாதி குறைகிறது. டிவிக்கு வரும் கேபிள்காரர் வயரையும் பிடுங்கினால் முழுசாகப் போகிறது.

இன்னொன்று. வெறுங்காலோடு தரையில் நின்று கம்ப்யூட்டர் கேபினெட்டின் பின்பக்கத்தைத் தொட்டால் சுருக்கென்கிறது. டெஸ்டர் வைத்தால் விளக்கு எரிகிறது. எஸ்.எம்.பி.எஸ். (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) போய்விட்டதா?

12 பிப்ரவரி 2024

எஸ்.எம்.பி.எஸ். நன்றாகத்தான் இருக்கிறது. எங்கள் வீட்டில் எர்த் இல்லை.

இதுவரை எழுதியதிலேயே முக்கியமானது இதுதான், தயவு செய்து முழுசாகப் படியுங்கள். ஸ்ரீரங்கத்தில் எங்களுடையது பழைய வீடு. ஸ்விட்ச் போர்டில் மூன்று துளை இருக்கிறது, ஆனால் மேலே இருக்கும் பெரிய துளைக்குப் பின்னால் வந்த வயர் எங்கோ அறுந்துபோயிருக்கிறது. எத்தனை வருஷமாகவோ!

கம்ப்யூட்டர் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் வாசலில், மின் இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்னக் கெபாசிட்டர்கள் இருக்கும். ஒன்று ஃபேஸிலிருந்து கேபினெட்டுக்கு, மற்றது நியூட்ரலிலிருந்து கேபினெட்டுக்கு. எர்த் இருந்தால் அதில் கசியும் கொஞ்ச மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் கேபினெட் இரண்டுக்கும் நடுவில் தொங்கும். 230 வோல்ட்டில் பாதி, 115. என் மீட்டர் 108 காட்டியது. மின்னோட்டம் மிகச் சிறியது என்பதால் ஆளைத் தூக்கி அடிக்காது, சுருக்கென்று மட்டும் இருக்கும். ஆனால் அந்தக் கேபினெட்தான் எச்.டி.எம்.ஐ. வயரின் வெளி உறை வழியாக டிவியோடு சேர்ந்திருக்கிறது. கேபிள்காரர் வயரின் உறை தெருவில் வேறெங்கோ தரையைத் தொட்டு வருகிறது. கசிகிற மின்சாரம் கம்ப்யூட்டர், டிவி, கேபிள் வயர் என்று ஓடுகிறது. அதே வழியில் குறுக்கே நிற்கிற ஆம்ப் அந்த 50 ஹெர்ட்ஸ் ஓட்டத்தைப் பெருக்கி நமக்கு உறுமலாகக் கேட்க வைக்கிறது.

இந்த நிலையில் எச்.டி.எம்.ஐ. வயரைச் செருகும்போது உறை தொடுவதற்கு முன் உள் பின் தொட்டுவிட்டால், அந்த வோல்டேஜ் நேராகப் போர்ட்டுக்குள் இருக்கும் சிப்பின் மேல் விழலாம். "நல்லாத்தான் இருந்தது, வயரைக் கழட்டி மாட்டினேன், போர்ட் செத்துப்போச்சு" என்று எத்தனையோ பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன். வயரைச் செருகுவதற்கு முன் இரண்டு பக்கமும் சுவர் ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். ரிமோட்டில் அணைப்பது போதாது.

18 பிப்ரவரி 2024

எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்தார். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே பல்பு வைத்தார், முழுசாக எரிந்தது. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் வைத்தார், எரியவே இல்லை. (இதை நீங்கள் செய்யாதீர்கள், அவர் தொழில் தெரிந்தவர்.) கொல்லையில் எர்த் குழாய் இருந்த இடமே மண் மூடிப் போயிருந்தது. புதிதாகக் குழி தோண்டி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிக் கொட்டிக் குழாய் இறக்கி, அங்கிருந்து மெயின் வரை புது வயர் இழுத்தார். "கோடையில வாரம் ஒரு தடவ ரெண்டு குடம் தண்ணி ஊத்துங்க சார், மண்ணு காஞ்சா எர்த்து புடிக்காது" என்றார். அப்பா அந்த வேலையைத் தான் எடுத்துக்கொண்டார்.

கேபினெட்டில் இப்போது ஒரு வோல்ட்கூட இல்லை. சுருக் போய்விட்டது. உறுமல் முக்கால்வாசி குறைந்தது. முழுசாகப் போகவில்லை. கேபிள்காரர் வயரைக் கழற்றினால்தான் அது முழுசாக நிற்கிறது.

19 பிப்ரவரி 2024

"பிளக்கில் இருக்கும் பெரிய பின்னை வெட்டிவிடுங்க, உறுமல் போயிடும்" என்று ஒருவர் பதில் போட்டிருக்கிறார். உறுமல் போகலாம். ஆனால் செய்யவே கூடாது. அந்தப் பின் மற்ற இரண்டைவிட நீளமாக இருப்பதற்குக் காரணமே, செருகும்போது எர்த் முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் விடவேண்டும் என்பதுதான். என்றைக்காவது எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் ஒரு வயர் கழன்று கேபினெட்டைத் தொட்டால், உயிரைக் காப்பது அந்தப் பின். வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். அந்தப் பதிலைத் தயவு செய்து எடுத்துவிடுங்கள்.

3 மார்ச் 2024

உறுமல் கதை முடிந்தது. டிவியின் பின்னால் சதுரமாக ஒரு துளை, மூடியைத் திறந்தால் சிவப்பு ஒளி தெரியுமே, அந்த ஆப்டிகல் வெளியீட்டைப் பயன்படுத்திவிட்டேன். 1983இல் தோஷிபா கொண்டுவந்தது. வயருக்குள் ஒளி மட்டும் போகிறது, செம்பு கிடையாது. டிவிக்கும் ஆம்புக்கும் மின் தொடர்பே இல்லாதபோது உறுமல் எந்த வழியில் வரும்? ஆப்டிகலிலிருந்து சாதாரண ஆடியோவுக்கு மாற்றும் சின்னப் பெட்டி ஒன்று நடுவில் வேண்டும். தீப்பெட்டி இரண்டு சேர்த்த அளவு, அறுநூறு ரூபாய்க்குள் கிடைத்தது.

போட்டதும் சத்தம் வரவில்லை, "சர்சர்" என்றது. டிவியின் டிஜிட்டல் ஒலி அமைப்பு 'ஆட்டோ'வில் இருந்தது, சில சமயம் டால்பி என்ற சுருக்கிய ஒலியாகவே அனுப்பிவிடுகிறது. அந்தச் சின்னப் பெட்டிக்கு பி.சி.எம். என்ற சுருக்காத ஒலி தவிர வேறு மொழி தெரியாது. பி.சி.எம். என்று மாற்றியதும் சுத்தமாகப் பேசியது. இரவு பன்னிரண்டு மணிக்கு ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டேன். நிசப்தம்.

ஒரு குறை: டிவி ரிமோட்டில் வால்யூம் மாறுவதில்லை. ஆப்டிகல் வழியாகப் போவது எப்போதும் ஒரே அளவு. அப்பா எழுந்து போய் ஆம்பைத் திருக வேண்டியிருக்கிறது. இதற்கு வழி யோசிக்கிறேன்.

17 மார்ச் 2024

வால்யூமுக்கு வழி கிடைத்தது. சின்ன வயர்லெஸ் கீபோர்டு ஒன்றில் வால்யூம் உருண்டை இருக்கிறது. ஆம்பை ஓரளவு திறந்து வைத்துவிட்டு, அப்பா கம்ப்யூட்டரிலேயே கூட்டிக் குறைக்கிறார்.

ஆனால் அவர் இன்னொன்று சொன்னார்: "ஒவ்வொருத்தரும் மொத எழுத்தை முழுங்கிட்டுப் பேசுறாங்களே." நான் கவனிக்கவில்லை, அவர் கவனித்திருக்கிறார். படத்தை நிறுத்திவிட்டுத் திரும்பப் போட்டால் முதல் அரை நொடி சத்தம் விழுங்கப்படுகிறது. கம்ப்யூட்டர் சில நொடி சும்மா இருந்தால் ஒலி ஓட்டத்தையே மூடிவிடுகிறது. மறுபடி ஓட்டம் வந்ததும் டிவி அதன் வேகத்தைப் பிடித்து நிலைப்படும்வரை வாயை மூடிக்கொள்கிறது. இப்போது ஆப்டிகல் பெட்டியும் அதையே செய்வதால் விழுங்கல் இரட்டிப்பு.

ஓட்டம் நிற்காமல் பார்த்துக்கொண்டால் போதும். சவுண்ட் கீப்பர் என்று ஓர் இலவச நிரல் இருக்கிறது, காதுக்குக் கேட்காத வெற்று ஒலியைப் பின்னணியில் ஓட்டிக்கொண்டே இருக்கும். போட்டேன், எழுத்து விழுங்குவது நின்றது. லினக்ஸ்காரர்களுக்கு: பைப்வயரில் (ஒலியைக் கையாளும் நிரல்) ஐந்து நொடி சும்மா இருந்தால் கருவி தூங்கப்போகும்படி வைத்திருக்கிறார்கள், அந்த நேரத்தைப் பூஜ்யமாக்கினால் தூங்காது.

14 ஏப்ரல் 2024

புத்தாண்டு வாழ்த்துகள். வாயசைப்பும் சத்தமும் ஒத்துப்போகாதது பற்றி எழுதச் சொல்லி மூன்று பேர் கேட்டிருந்தீர்கள்.

பிப்ரவரியில் உறுமலோடு போராடியபோது, ஒரு பதிலில் "கம்ப்யூட்டரின் பச்சைத் துளையிலிருந்து நேராக ஆம்புக்குப் போட்டுவிடுங்கள், டிவியே வேண்டாம்" என்று ஒருவருக்குச் சொல்லியிருந்தேன். அதைத் திரும்பப் பெறுகிறேன். இன்றைய டிவி படத்தை வாங்கியதும் உடனே காட்டுவதில்லை. கூர்மையாக்கி, அசைவை மென்மையாக்கி, நிறம் திருத்தி, பிறகுதான் காட்டுகிறது. டிவி வழியாகப் போகும் சத்தத்தை அதே அளவு நிறுத்தி வைத்து விடுகிறது. நேராக ஆம்புக்குப் போன சத்தத்தை யார் நிறுத்துவது? அது முந்திக்கொண்டு வந்துவிடும். உதடு பிரிவதற்கு முன்னாலேயே சொல் கேட்கும்.

சத்தம் பிந்துவதைவிட முந்துவதுதான் நம்மை அதிகம் உறுத்துகிறது. ஐ.டி.யூ. என்ற சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பி.டி. 1359 பரிந்துரையில் இதற்கு அளவு இருக்கிறது: சத்தம் 45 மில்லிநொடி முந்தினாலே மனிதர்களுக்குத் தெரிந்துவிடுகிறது, பிந்தினால் 125 மில்லிநொடி வரை தெரிவதில்லை. எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. கொள்ளிடத்தில் அக்கரையில் துணி துவைப்பவரைப் பார்த்து வளர்ந்தவன் நான். துணி கல்லில் விழுவது முதலில் தெரியும், அடி கொஞ்சம் கழித்துக் கேட்கும். நொடிக்கு 340 மீட்டர் என்று வைத்தால் 125 மில்லிநொடி என்பது 42 மீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்துச் சத்தம். பிந்திவரும் சத்தத்துக்கு நம் கண்ணும் காதும் பிறந்ததிலிருந்து பழக்கப்பட்டவை. முந்தி வரும் சத்தம் உலகத்தில் எங்கேயும் கிடையாது.

நேராகத்தான் போட வேண்டும் என்றால் டிவியில் கேம் மோட் போடுங்கள், படத் தாமதம் பெருமளவு குறையும். மிச்சத்துக்கு வி.எல்.சி.யில் கே அழுத்தினால் சத்தம் 50 மில்லிநொடி பிந்தும், ஜே அழுத்தினால் 50 முந்தும். செய்தி வாசிப்பவர் முகம் வைத்துச் சரிபார்க்காதீர்கள். கைதட்டும் காட்சி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், கை சேரும் கணம் தெளிவாகத் தெரியும்.

9 ஜூன் 2024

மதுரைத் தம்பி ஒருவருக்கு, மற்றவர்களுக்கும் உதவலாம் என்று இங்கேயே போடுகிறேன். அவரிடம் இருப்பது மிகப் பழைய கிராபிக்ஸ் கார்டு, டி.வி.ஐ. வெளியீடு (எச்.டி.எம்.ஐ.க்கு முந்தைய வகை), அதில் மாற்றி போட்டு எச்.டி.எம்.ஐ. ஆக்கியிருக்கிறார். படம் வருகிறது, சத்தம் வரவில்லை.

தம்பி, அந்தக் காலத்துக் கார்டுகள் சிலவற்றுக்குள் ஒலிக் கருவி கிடையாது. மதர்போர்டில் எஸ்.பி.டி.ஐ.எஃப். என்று எழுதிய பின்னிலிருந்து கார்டுக்கு இரண்டு கம்பி உள்ள சின்ன வயர் ஒன்று போக வேண்டும். கார்டோடு பெட்டியில் வந்திருக்கும், பலரும் என்னவென்று தெரியாமல் தூக்கிப் போட்டிருப்பார்கள். கார்டின் மேல் ஓரத்தில் இரண்டு பின் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று, நீங்களே ரெசல்யூஷன் எழுதிப் போட்டிருப்பதாகச் சொன்னீர்கள். சத்தம் தொலைவது அங்கேயாகவும் இருக்கலாம். 1080 வரி, 60 ஹெர்ட்ஸ் படத்தில் ஒரு வரிக்கு 2200 புள்ளி நேரம் ஒதுக்கியிருக்கிறது, படம் அதில் 1920தான். மீதி 280 புள்ளி இடைவெளியில்தான் ஒலிப் பொட்டலங்கள் ஏறிப் போகின்றன. இடைவெளியைக் குறைத்து எழுதினால் சத்தத்துக்கு இடம் குறையும். டிவி தானாகச் சொல்லும் அளவையே தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.

டிவியில் அந்த உள்ளீட்டுக்கு 'பி.சி.' அல்லது 'டி.வி.ஐ.' என்று பெயர் மாற்றியிருக்கிறீர்களா? சில டிவிகள் அந்தப் பெயரைப் பார்த்ததும், சத்தம் தனி வயரில் வரும் என்று எச்.டி.எம்.ஐ. ஒலியை விட்டுவிடுகின்றன. பெயரை எடுத்துவிடுங்கள்.

10 ஜூன் 2024

பெயர்தானாம். இரண்டு மாதம் அலைந்திருக்கிறார்.

4 ஆகஸ்ட் 2024

அக்கா மகனுக்கு என் பழைய பாகங்களை வைத்து லினக்ஸ் கம்ப்யூட்டர் கட்டிக் கொடுத்தேன். அதிலும் எச்.டி.எம்.ஐ. சத்தம் வரவில்லை, இந்தத் தடவை பத்து நிமிஷத்தில் முடிந்தது. அல்சாமிக்ஸரைத் (லினக்ஸில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் நிரல்) திறந்தால் டிஜிட்டல் ஒலிக்கான ஐ.ஈ.சி. 958 என்ற கட்டத்தின் கீழே எம்.எம். என்று இருந்தது, அதாவது மியூட். எம் தட்டினால் திறந்துவிடும். ஒரே கார்டில் 3, 7, 8 என்று பல எச்.டி.எம்.ஐ. கருவிகள் தெரியும், ஒவ்வொன்றும் ஒரு போர்ட்டுக்கு. முதலில் நிற்பதே நம்முடையது என்று நினைக்க வேண்டாம், ஒவ்வொன்றாகச் சோதித்துப் பாருங்கள். அவனுக்கு 7இல் வந்தது.

24 நவம்பர் 2024

நேற்று நான் சென்னையில் இருந்தேன். வீட்டு டிவி ராத்திரியில் தானே புது மென்பொருள் போட்டுக்கொண்டிருக்கிறது. காலையில் ஆம்பில் சத்தம் இல்லை, டிவியின் சொந்த ஸ்பீக்கரில் மெலிதாகக் கேட்டிருக்கிறது. அப்பா எனக்குப் போன் செய்யவில்லை. மார்ச்சில் டிவிக்குப் பின்னால் நான் ஒரு தாள் ஒட்டிவைத்திருந்தேன்: ஒலி வெளியீடு ஆப்டிகல், வகை பி.சி.எம்., முதலில் டிவி பிறகு கம்ப்யூட்டர். கண்ணாடி போட்டு அதைப் படித்து, ரிமோட்டில் தேடி, இரண்டையும் மாற்றியிருக்கிறார். இன்று நான் வந்தபோது படம் பாதி ஓடியிருந்தது. தாளில் நான்காவது வரி ஒன்று அவர் கையெழுத்தில் புதிதாக இருக்கிறது: "சனிக்கிழமை எர்த்துக்குத் தண்ணீர்."